வீடு முழுவதும் ஒலிக்கும் மணி

இல்லத்தைக் காப்பதற்கு நாம் செய்துகொள்ளும் ஏற்பாடுகள் பல. திருடனுக்கு அஞ்சி வாயிலில் இரும்புக் கதவு அமைக்கிறோம். சன்னல்தோறும் கம்பி பதிக்கிறோம். வெளிநாட்டில் பணிபுரியும் மகன் விடுமுறைக்கு வரும்பொழுது கண்காணிப்புக் கேமராவையும் மாட்டிவிட்டுச் செல்கிறான். வெளியிலிருந்து வரும் பகைவனைப் பற்றி இத்துணைக் கவலை கொள்ளும் நாம், வீட்டினுள்ளேயே பிறந்து, அனைவரும் அயர்ந்து உறங்கும் வேளையில் ஓசையின்றி நடமாடும் பகைவனைப் பற்றிச் சிந்திப்பது அரிது. நெருப்பே அப்பகைவன். நெருப்பைக் காட்டிலும் விரைந்து வந்து உயிரைக் கவர்வது அதன் புகை.

காவிரியின் வடகரையில், வாழைத் தோட்டங்களின் நடுவே அமைந்த நம் தொட்டியம் பகுதியில் வீடுகளின் தோற்றமும், வீட்டில் உறங்கும் முறையும் பெரிதும் மாறியுள்ளன. முன்னாளில் குடும்பத்தார் அனைவரும் கூடத்திலும் திண்ணையிலும் பாய் விரித்துப் படுத்தனர். ஒருவர் இருமினால் மற்றவர் விழித்துக்கொள்வர். இன்றோ முதியோர் கீழ்த்தளத்தில் உறங்குகின்றனர். மகனும் மருமகளும் மாடியில். பிள்ளைகள் தனி அறையில். குளிர்சாதனக் கருவிக்காகக் கதவும் சன்னலும் அடைபட்டுக் கிடக்கின்றன. மின்விசிறியின் இரைச்சல் மற்ற ஓசைகளை விழுங்கிவிடுகிறது. கீழே எழும் கூக்குரல் மேலே எட்டுவதில்லை. ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும் இரவில் நாம் பிரிந்தே உறங்குகிறோம். பிரிந்து உறங்கும் குடும்பத்தை ஒரே நொடியில் விழிக்கச் செய்யும் கருவி ஒன்று உண்டு. அதனைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு, அமைப்பது எவ்வாறு என்பதை இம்மாதம் நம் குடும்பங்களோடு சேர்ந்து சிந்திக்க விழைகிறோம்.

திருவரங்கம் கற்பித்தது

நம் ஊரிலிருந்து காவிரியின் ஓட்டத்தோடு கிழக்கே சென்றால் வருவது திருவரங்கம். அங்கே 2004ஆம் ஆண்டு சனவரி 23ஆம் நாள் திருமண மண்டபம் ஒன்றில் நிகழ்ந்த தீ விபத்தை இப்பகுதி மக்கள் மறந்திருக்க முடியாது. மண்டபத்தின் மேல்தளத்தில் கீற்றுப் பந்தல் போட்டிருந்தனர். ஒளிப்பதிவுக்காகப் பயன்படுத்திய மின் இணைப்பில் எழுந்த பொறி பந்தலைப் பற்றியது. ஏறத்தாழ அறுபது உயிர்கள் மாய்ந்தன. மணக்கோலத்தில் நின்ற மணமகனும் அவர்களுள் ஒருவர். அதே ஆண்டு சூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் பள்ளி ஒன்றின் கீற்றுக் கூரை எரிந்து 94 குழந்தைகள் மாண்டனர்.

இவ்விரு நிகழ்ச்சிகளும் பட்டப்பகலில் நடந்தவை. அங்கிருந்தோர் விழித்திருந்தனர், நெருப்பைக் கண்ணாற் கண்டனர். ஆயினும் வெளியேறும் வழி குறுகலாக இருந்தது. கீற்றோ நொடியில் பரவிற்று. அங்கே மணி ஒலித்திருப்பினும் பயன் சிறிதே என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்களுக்கு இல்லாமற்போனது தப்பும் வழி.

மற்றொரு நிகழ்ச்சியைப் பாருங்கள். 2011ஆம் ஆண்டு திசம்பர் 9ஆம் நாள் விடியற்காலையில் கொல்கத்தா நகரின் ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையில் தீப்பற்றியது. நெருப்பு எழுந்தது நிலத்தடித் தளத்தில். மாண்டவர்களோ மேல்தளங்களில் இருந்த நோயாளிகள். தொண்ணூறு பேரளவில் இறந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நெருப்பு தீண்டவேயில்லை. மாடிப்படி வழியாகவும் காற்றுக் குழாய் வழியாகவும் மேலேறிய புகை அவர்களை மூச்சுத் திணறச் செய்தது. நெருப்பு ஓரிடத்தில், சாவு மற்றோரிடத்தில்! அடுக்கு மாடி வீடுகளில் வாழ்வோர் நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டிய பாடம் இது.

ஆகவே காப்பு என்பது இரண்டு கால்களில் நிற்பது. நெருப்பு எழுந்ததை உரியவர் உரிய நேரத்தில் அறிதல் ஒரு கால். அறிந்தபின் தப்புவதற்கு வழி இருத்தல் மற்றொரு கால். இரவில் நம் வீடுகளுக்கு முதற்கால் இல்லை. பல வீடுகளுக்கு இரண்டாவதும் இல்லை.

உறங்குவோன் மூக்கும் உறங்கும்

"புகை வந்தால் நாற்றத்தில் விழித்துக்கொள்ள மாட்டோமா?" என்று கேட்போர் உண்டு. உறக்கத்தில் நம் செவி ஓரளவு விழித்திருக்கும். மூக்கை அவ்வாறு நம்ப இயலாது. அதிலும் புகையோடு கலந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வளிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் குருதியிலுள்ள சிவப்புப் பொருள் உயிர்வளியைப் பற்றிக்கொள்வதைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் இந்நச்சைப் பற்றிக்கொள்ளும். அதனால் உறங்குபவர் விழிப்பதற்கு மாறாக மேலும் ஆழ்ந்த மயக்கத்தில் விழுகிறார்.

காலமும் நமக்கு எதிராகவே திரும்பியுள்ளது. கோரைப் பாயும் பருத்திப் பஞ்சணையும் இருந்த அறையில் இன்று நுரை மெத்தை, நெகிழிப் பொருள்கள், செயற்கை இழைத் திரைகள். இவை விரைந்து எரிந்து கரும்புகையைக் கக்குபவை. இத்தகைய அறையில் தீ முழு வடிவம் பெறுவதற்குள் தப்பிச் செல்லக் கிடைப்பது சில நிமிடங்களே என்று அமெரிக்காவில் நடத்தப்பட்ட சோதனைகள் காட்டியுள்ளன. தலையணை அருகே மின்னூட்டத்தில் கிடக்கும் கைப்பேசி, மாடிப்படியின் அடியில் இரவெல்லாம் மின்னேற்றம் பெறும் மின்சார வண்டி, பழைய கம்பிகளில் ஏற்படும் மின்கசிவு, கட்டிலடியில் எரியும் கொசுவத்திச் சுருள், திருவுருவத்தின் முன் ஏற்றி அணைக்க மறந்த மெழுகுதிரி ஆகிய இவற்றுள் ஏதேனும் ஒன்றேனும் இல்லாத வீடு எது?

புகையறி மணி என்பது யாது?

கடைகளில் 'ஸ்மோக் அலாரம்' எனக் கேட்டால் தரும் இக்கருவி உள்ளங்கை அளவினது, உட்கூரையில் பொருத்துவது. இதன் பிறப்பு ஒரு வியப்பான கதை. 1930களின் பிற்பகுதியில் வால்ட்டர் யேகர் என்னும் சுவிஸ் நாட்டு அறிவியலார் நச்சு வளியைக் கண்டறியும் கருவி ஒன்றை அமைக்க முயன்றார், வெற்றி கிட்டவில்லை. சோர்ந்து அவர் பற்றவைத்த சிகரெட்டின் புகை பட்டவுடன் கருவியின் முள் அசைந்ததாம்! அன்று தோன்றிய கருத்து, 1960களில் அமெரிக்கர் டுவேன் பியர்சால் என்பவரால் மின்கலத்தில் இயங்கும் வீட்டு மணியாக வளர்ந்தது. இயங்கும் நிலையில் மணி உள்ள வீடுகளில் தீயினால் ஏற்படும் இறப்பு, மணி இல்லாத வீடுகளைக் காட்டிலும் பாதிக்கும் கீழாகக் குறைந்துள்ளதாக அமெரிக்கத் தீத்தடுப்புக் கழகத்தின் கணக்குகள் கூறுகின்றன. 'இயங்கும் நிலையில்' என்னும் சொற்களைக் கவனியுங்கள். மின்கலம் தீர்ந்துபோன மணி சுவரில் ஒட்டிய வெறும் மூடியே.

இணைந்து ஒலித்தல்

தனித்து ஒலிக்கும் மணி ஒன்றைக் கூடத்தில் மாட்டிவிட்டோம் என்று கொள்வோம். நள்ளிரவில் கீழே மின்கசிவு, மணி அலறுகிறது. மாடியில் கதவை அடைத்து, குளிர்சாதனம் ஓட, உறங்கும் மகனுக்கு அவ்வலறல் தொலைவில் கேட்கும் வண்டியோசை போல் தோன்றும். அவன் உண்மையை உணரும்பொழுது மாடிப்படி முழுவதும் புகை நிறைந்திருக்கும். ஆகவே மணி ஒலிக்க வேண்டிய இடம் நெருப்பு உள்ள இடம் மட்டுமன்று. மனிதர் உறங்கும் இடம் அதனினும் முதன்மையானது.

இக்குறையைத் தீர்ப்பதே இணைப்பு மணி. வீட்டிலுள்ள மணிகளுள் எந்த ஒன்று புகையை உணர்ந்தாலும் அத்தனை மணிகளும் ஒரே நேரத்தில் ஒலிக்கும். முன்பு இதற்காகச் சுவரை உடைத்துக் கம்பி ஓட்ட வேண்டியிருந்தது. இன்று வானொலி அலையின் வழியாக அவை தம்முள் செய்தி பரிமாறிக்கொள்கின்றன. கட்டி முடித்த வீட்டில் சுவரைத் தொடாமல், திருகாணிகள் இரண்டு மூன்றால், ஒரே நாளில் இதனை அமைத்துவிடலாம்.

மேலை நாடுகள் துயரத்தின் வழியே இதனைக் கற்றன. 2017ஆம் ஆண்டு சூன் 14ஆம் நாள் இலண்டன் நகரின் கிரென்ஃபெல் அடுக்ககத்தில், ஒரு வீட்டின் சமையலறையில் இருந்த குளிர்ப்பெட்டியில் தொடங்கிய தீ 72 உயிர்களைக் கொண்டது. அதன்பின் ஸ்காட்லாந்து நாடு சட்டம் இயற்றி, 2022ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாளிலிருந்து எல்லா வீடுகளிலும் இணைப்பு மணிகளைக் கட்டாயமாக்கியது. குடும்பத்தார் மிகுதியும் புழங்கும் அறையில் ஒரு புகை மணி, ஒவ்வொரு தளத்தின் நடைவழியிலும் ஒன்று, சமையலறையில் ஒரு வெப்ப மணி. இவை அனைத்தும் இணைந்து ஒலிக்க வேண்டும் என்பது விதி. ஆஸ்திரேலியாவின் குயின்சுலாந்து மாநிலத்தில் 2011இல் ஒரே வீட்டில் பதினொருவர் தீக்கிரையாயினர். அம்மாநிலம் வாடகை வீடுகளுக்கும் விற்பனையாகும் வீடுகளுக்கும் 2022 சனவரி முதல் இணைப்பு மணியைக் கட்டாயமாக்கியது. ஏனைய வீடுகளுக்கு விதித்த கெடு 2027 சனவரி முதல் நாள். நம் நாட்டில் சாதாரணத் தனி வீடுகளுக்கு இத்தகைய கட்டாயம் இல்லை. சட்டம் வந்து கட்டளையிடும் வரை காத்திருக்க வேண்டுமா, அன்பே போதிய கட்டளை அன்றோ?

வாங்கும்பொழுது கவனிக்க வேண்டியவை

முதலாவது: நம் ஊர் மின்பொருள் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் புகையுணர்விகள் பல, பெரிய கட்டடங்களின் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு இணைப்பதற்காகச் செய்யப்பட்டவை. அவற்றுக்குத் தம்முடைய ஒலியும் இல்லை, மின்கலமும் இல்லை. பெட்டியின்றி அவற்றை வீட்டில் மாட்டினால் ஊமைக் காவலாளியை வைத்தது போலாகும். ஆதலால் தானே ஒலிக்கும் மணியா, தன் மின்கலத்தில் இயங்குவதா என்று முதலில் கேளுங்கள். பத்தடித் தொலைவில் 85 டெசிபெல் ஒலி எழுப்புவது பொதுவான அளவு.

இரண்டாவது: புகையை உணரும் முறையில் இரு வகை உண்டு. அயனி வகையில் அமெரிசியம் என்னும் கதிரியக்கப் பொருள் சிறிதளவு இருக்கும். கொழுந்துவிட்டு எரியும் தீயை இது விரைந்து உணரும். ஒளிமின் வகையில் ஓர் ஒளிக்கதிர் புகைத்துகள்களில் பட்டுச் சிதறுவதை வைத்து அறிவர். மெத்தை கனன்று புகைவது போன்ற மெதுவான தீயை இது முன்னதாகவே உணரும். உறங்கும் இல்லத்திற்கு ஒளிமின் வகையே ஏற்றது. குயின்சுலாந்துச் சட்டமும் இவ்வகையையே கேட்கிறது. அயனி வகைக் கருவிகளுக்கு நம் நாட்டில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்பதும் நினைவிலிருக்கட்டும்.

மூன்றாவது: சமையலறைக்குப் புகை மணி ஆகாது. மிளகாய் தாளிக்கும் ஒவ்வொரு முறையும் அது அலறும். பத்து நாள் பொறுத்துப் பார்த்த இல்லத்தரசி பதினோராம் நாள் அதன் மின்கலத்தைக் கழற்றி வைத்துவிடுவார். அவரைக் குறை கூறவும் முடியாது. அங்கே வெப்ப மணியையே அமைக்க வேண்டும். அது புகையைப் பொருட்படுத்தாது; பொதுவாக 54 முதல் 65 பாகை செல்சியசு வரையிலான வெப்பத்தில் ஒலிக்கும். புகை மணிகளோடு இணையும் வெப்ப மணிதானா என்று பார்த்து வாங்குக.

நான்காவது: ஐரோப்பியத் தரமான ஈ.என். 14604 அல்லது அமெரிக்கத் தரமான யு.எல். 217 என்னும் குறி உள்ளதா எனப் பெட்டியில் பாருங்கள். அதனோடு எத்தனை பாகை வெப்பம் வரை கருவி இயங்கும் என்பதையும் படியுங்கள். சிலவற்றின் எல்லை 40 பாகையே. திருச்சிராப்பள்ளிச் சீமையின் மே மாத வெயில் அவ்வெல்லையைத் தாண்டுவது நாம் அறிந்ததே. தகரக் கூரையின் அடியில் இன்னும் கடுமை. நம் வெயிலைத் தாங்கும் கருவியே நமக்கு ஏற்றது.

ஐந்தாவது: ஒரு நிறுவனத்தின் மணி மற்றொரு நிறுவனத்தின் மணியோடு பேசாது. ஆதலின் அனைத்தையும் ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசையில் வாங்குக. வெளிநாட்டு உறவினர் கொண்டுவரும் கருவிகளில் இன்னொரு கவனமும் தேவை. வானொலி அலைவரிசைகள் நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்கக் கருவிகள் பெரும்பாலும் 915 மெகாஹெர்ட்சு அளவில் இயங்குகின்றன. இந்தியாவில் உரிமமின்றிப் பயன்படுத்த இசைவு பெற்றது 865 முதல் 868 வரையிலான பகுதி. அன்போடு வாங்கி வரும் பிள்ளைகளிடம் இதனை முன்னரே கூறிவிடுவது நல்லது.

ஆறாவது: மணிகள் ஒன்றோடொன்று நேரே பேசிக்கொள்பவையாக இருக்க வேண்டும். இணையத்தை மட்டுமே நம்பியிருப்பவை மின்தடை வந்து இணையப் பெட்டி அணைந்தால் ஊமையாகிவிடும். கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் வசதி கூடுதல் நன்மை. அதுவே முதல் தேவை அன்று. பத்தாண்டு நீடிக்கும், உள்ளேயே மூடிவைத்த லித்தியம் மின்கலம் உள்ளது சற்று விலை கூடினாலும் சிறந்தது. தொலைக்காட்சிப் பெட்டிக்காக அதன் மின்கலத்தைக் கழற்றிக்கொள்ள எவராலும் இயலாது!

எங்கே, எவ்வாறு பொருத்துவது?

தொட்டியத்தில் இன்று எழும் மாடி வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கீழே கூடம், சமையலறை, முதியோர் அறை, மேலே இரு படுக்கையறைகள், இடையே மாடிப்படி. இவ்வீட்டிற்குச் சமையலறையில் ஒரு வெப்ப மணி, கூடம், முதியோர் அறை, மாடிப்படியின் மேல்முனை, மேலுள்ள இரு படுக்கையறைகள் ஆகிய ஐந்து இடங்களில் புகை மணிகள், ஆக ஆறு. அத்துணை இயலாதோர் மூன்றில் தொடங்கலாம்: கீழே கூடத்தில் ஒன்று, முதியோர் அறையில் ஒன்று, மாடியில் உறங்குவோர் அறைவாயிலில் ஒன்று. இணைப்பு மணியின் சிறப்பு என்னவெனில் பின்னர் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகலாம்.

புகை மேலே எழுவது. ஆகவே உட்கூரையின் நடுப்பகுதியே சிறந்த இடம். ஆனால் நம் வீடுகளில் நடுவிடத்தை மின்விசிறி பிடித்துக்கொண்டிருக்கிறது. விசிறியின் காற்று புகையை மணியை நெருங்கவிடாமல் விரட்டிவிடும். ஆதலின் விசிறி இறக்கையின் முனையிலிருந்து மூன்றடியேனும் விலக்கிப் பொருத்துக. சுவரும் கூரையும் சேரும் மூலையில் காற்று தேங்கி நிற்கும். அங்கே புகை நுழையாது. சுவரிலிருந்து ஓரடி தள்ளியே இருக்கட்டும். சுவரில்தான் பொருத்த இயலுமெனில் உட்கூரைக்குக் கீழே நான்கு அங்குலத்திற்கும் பன்னிரண்டு அங்குலத்திற்கும் இடையில் பொருத்துக. ஓட்டு வீடுகளில் முகட்டின் உச்சியிலேயே வைக்காமல் நான்கு அங்குலம் இறக்கி, உச்சியிலிருந்து மூன்றடிக்குள் அமைக்கவேண்டும்.

அடுப்பிலிருந்து பத்தடி தொலைவுக்குள் புகை மணி வேண்டாம். குளியலறை வாயிலும் ஆகாது. நீராவியும் அதனை ஏமாற்றும். குளிர்சாதனக் கருவியின் காற்று நேரே படும் இடத்தையும் விலக்குக. சாம்பிராணி போடும் இடத்திலும், மெழுகுதிரி ஏற்றும் மாடத்தின் நேர்மேலும் மாட்டாதீர்கள்.

மணிகளைக் கூரையில் ஏற்றுமுன் அனைத்தையும் மேசைமேல் வைத்து, கையேட்டில் கூறியவாறு ஒன்றோடொன்று இணைத்துவிடுங்கள். பின்னர் ஒவ்வொன்றையும் உரிய அறைக்கு எடுத்துச் சென்று, எல்லாக் கதவுகளையும் மூடி, ஒன்றன் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். மற்றவை அனைத்தும் ஒலிக்கின்றனவா? பெட்டியில் எழுதியிருக்கும் நூறு மீட்டர், இருநூறு மீட்டர் என்னும் அளவுகள் வெட்டவெளியில் எடுத்தவை. கற்காரைத் தளமும் தடித்த சுவரும் இரும்பு அலமாரியும் அலையின் வலிமையைக் குறைத்துவிடும். ஒலிக்காத மணியைச் சில அடி நகர்த்திப் பாருங்கள். அல்லது இடையே மாடிப்படியில் மற்றொன்றை வையுங்கள். சில கருவிகளில் இடைநின்ற மணி செய்தியைக் கடத்திக் கொடுக்கும். சோதித்தபின் திருகாணியை முடுக்குக.

மறவாமல் பேணுதல்

மாதம் ஒரு முறை பொத்தானை அழுத்திச் சோதிக்க வேண்டும். நம் குடும்பங்களுக்கு ஒரு நாளை நினைவில் வைத்துக்கொள்வது கடினமன்று. முதல் வெள்ளிக்கிழமை மாலை செபத்திற்கு அனைவரும் கூடுகையில் வீட்டின் இளைய பிள்ளையே ஒரு கோலால் பொத்தானை அழுத்தட்டும். ஆடிக் காற்றின் புழுதியும் சிலந்தி வலையும் கருவியின் கண்ணை மறைத்துவிடும். மூன்று மாதங்களுக்கு ஒரு முறையேனும் மெல்லிய தூரிகையால் தட்டுக. வெள்ளையடிக்கும்பொழுது அதன்மேல் சாயம் பூசுவது கூடாது. நிமிடத்திற்கு ஒரு முறை குருவி போலக் 'கீச்' என்று ஒலித்தால் மின்கலம் தீர்ந்து வருகிறது என்பது பொருள். பத்தாண்டுகள் ஆனதும் கருவியையே மாற்றுக. உற்பத்தியான நாள் அதன் முதுகில் அச்சிட்டிருக்கும்.

தாளிதத்தின் புகையால் வீணே ஒலித்தால் அடக்குவதற்கும் பொத்தான் உண்டு. அதனை அழுத்துமுன் எம்மணி முதலில் உணர்ந்தது என்று பாருங்கள். பெரும்பாலான கருவிகளில் அம்மணியின் விளக்கு வேறுவிதமாக மின்னும். வீணான ஒலி என்று தீர்மானிக்கும் உரிமை கண்ணால் கண்டபின்னரே நமக்கு உண்டு.

சமையல் எரிவாயுக் கசிவை இம்மணிகள் அறியா என்பதையும் கூறிவிட வேண்டும். அவ்வாயு காற்றினும் கனமானது, தரையில் படியும். அதற்குரிய தனிக் கருவியைத் தரையை ஒட்டிப் பொருத்த வேண்டும். கசிவு தெரிந்தால் மின்பொத்தான் எதனையும் தொடாமல், கதவு சன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906 என்னும் எண்ணை அழைக்க வேண்டும்.

மணி ஒலித்தபின்

இப்பொழுது இரண்டாவது காலுக்கு வருகிறோம். மணி நம்மை எழுப்பும், தூக்கிச் செல்லாது. நம் வீடுகளின் அமைப்பு இங்கேதான் நம்மை அச்சுறுத்துகிறது. சன்னல்களில் கம்பி, முன்வாயிலில் கிரில் கதவு, அதற்குப் பூட்டு, சாவியோ குடும்பத் தலைவரின் தலையணைக்கடியில், சில வேளை அவர் அணிந்திருந்த சட்டைப்பையில்! புகை நிறைந்த இருளில் அச்சாவியை எவர் தேடுவார்? திருடனைத் தடுக்கப் போட்ட பூட்டு நம்மையே சிறை வைத்துவிடும். சாவியைக் கதவருகே, வெளியிலிருந்து கைக்கு எட்டாத ஆணியில், ஒவ்வோர் இரவும் ஒரே இடத்தில் மாட்டுங்கள். வீட்டார் அனைவரும், சிறுவரும், இருளில் தடவி எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். படுக்கையறைச் சன்னல்களுள் ஒன்றிலாவது உள்ளிருந்து திறக்கத்தக்க கம்பிக் கதவை அமைக்குமாறு கொல்லரிடம் கூறலாம். மாடிப்படியில் மூட்டைகளையும் காய்ந்த வாழைச் சருகையும் அடுக்குவதை விட்டொழியுங்கள்.

மணி ஒலித்தால் எவர் எவரை அழைத்து வருவது என்பதை முன்னரே வகுத்துக்கொள்ள வேண்டும். குழந்தைகள் மணியோசைக்கு விழித்துக்கொள்வர் என்று நம்பிவிடாதீர்கள். ஸ்காட்லாந்தின் டன்டீ பல்கலைக்கழகத்தார் நடத்திய ஆய்வில் பெரும்பாலான சிறுவர் அலறலினூடேயும் அயர்ந்து உறங்கினர். ஆகவே ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பெரியவர் பொறுப்பு. செவி மங்கிய பாட்டனாருக்கும் பாட்டியாருக்கும் மணியின் கீச்சுக்குரல் எட்டாது; அவர்களுக்குத் தாழ்ந்த குரலில் ஒலிக்கும் மணிகளும், தலையணையடியில் வைத்து அதிரும் தட்டுகளும் உண்டு. இவையும் இயலாவிடில், அவர்களை எழுப்பும் பொறுப்பைப் பெயர் சொல்லி ஒருவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். நடக்க இயலாதவரைக் கீழ்த்தளத்தில், வாயிலுக்கு அண்மையிலுள்ள அறையில் படுக்க வைப்பது அறிவுடைமை.

புகை மேலே நிற்கும். தரையை ஒட்டிச் சற்றுத் தூய காற்று இருக்கும். ஆகவே தவழ்ந்து செல்க. கதவைத் திறக்குமுன் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், சுட்டால் திறக்காதீர்கள். வெளியேறும்பொழுது கதவுகளைச் சாத்திக்கொண்டே வாருங்கள்; மூடிய கதவு புகையின் ஓட்டத்தைத் தடுக்கும். வேப்பமரத்தடியோ எதிர்வீட்டுத் திண்ணையோ, கூடும் இடம் ஒன்றைக் குறித்து வைத்து, அங்கே தலைகளை எண்ணுக. பின்னர் 101 அல்லது 112 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். நகைக்காகவும் நிலப் பத்திரத்திற்காகவும் எவரும் திரும்பிச் செல்லக் கூடாது. பத்திரத்தின் நகலைப் பதிவு அலுவலகத்தில் பெறலாம். தந்தையின் நகலை எங்கே பெறுவது?

இயலாதோர்க்கு ஒரு சொல்

இத்துணைப் பொருள் செலவிட இயலாத குடும்பங்கள் நம்மிடையே பல. கீற்றுக் கூரையின்கீழ் வாழ்வோரும் உண்டு. அங்கே தீ பரவும் விரைவில் மணியின் பயன் குறைவே; அடுப்பைக் கூரையிலிருந்து விலக்குதல், விளக்கை அணைத்துப் படுத்தல், மின்கம்பிகள் கீற்றைத் தொடாமல் காத்தல், வாயிலைப் பொருள்களால் அடைக்காதிருத்தல் ஆகியனவே அவர்களுக்குரிய காப்பு. இவற்றுக்குப் பணம் தேவையில்லை, விழிப்பு வேண்டும். ஓட்டு வீட்டிலோ சிறிய காரை வீட்டிலோ தனித்து வாழும் முதியவருக்கு ஒரே ஒரு மணி வாங்கித் தருவது, பிறந்தநாளுக்குச் சேலையும் வேட்டியும் தருவதினும் உயர்ந்த கொடையாகும். அடுத்தடுத்த வீட்டார் இணங்கினால், ஒரு மணியை அண்டை வீட்டாரிடம் வைத்து முதியவரின் மணியோடு இணைத்துவிடலாம். நடுவே ஒரு சுவர்தான் எனில் அலை எளிதில் கடக்கும். முதியவர் வீட்டில் புகை எழுந்தால் அண்டை வீட்டார் விழித்துக்கொள்வர்.

அன்புள்ள குடும்பத் தலைவர்களே, தாய்மாரே, கருவி வாங்குவது அடுத்த மாதம் ஆகலாம். அதற்கு அடுத்த மாதமும் ஆகலாம். இன்றிரவே செய்யத்தக்கவை இரண்டு உண்டு. உணவு முடிந்ததும் குடும்பத்தாரைக் கூட்டி, யார் எங்கே உறங்குகின்றனர், ஓர் அறையில் கூப்பிட்டால் எவ்வறையில் கேட்கவில்லை என்று கதவுகளை மூடி அழைத்துப் பாருங்கள். எங்கே குரல் எட்டவில்லையோ அங்கேதான் முதல் மணி வேண்டும். அடுத்து, விளக்குகளை அணைத்துவிட்டு, பிள்ளைகளிடம் வாயிற்சாவியைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். அவர்கள் கைக்கு அது கிட்டும் வரை எவரும் உறங்கச் செல்ல வேண்டாம்.